இரண்டு முப்பத்துநான்குக்கு வந்த குரல்

எங்கள் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு மறந்தவர்கள் 214 என்ற எண்ணுக்குப் போன் போட்டு "ஹலோ" என்று சொன்னால் போதும். நாம் யாரென்று சொல்வதற்கு முன்பே பாஞ்சாலி அக்கா நம் பெயரைச் சொல்லிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதை நம்பவில்லை. ஒருநாள் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு குரலைக் கட்டையாக்கிப் பேசிப் பார்த்தேன். "கர்ச்சீப்ப எடுத்துட்டுப் பேசுங்க மேடம், இன்னா பாஸ்வேர்டா?" என்றார். அன்றிலிருந்து அவரிடம் எனக்கு ஒரு மரியாதை, கொஞ்சம் பயமும்கூட.

தொழிற்சாலை ஒரகடத்தில், வல்லக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது. கார் பிரேக்குக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை பிரஸ்ஸில் அடித்துப் பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். அறுநூற்றுச் சொச்சம் பேர். நான் மதிவதனி, அங்கே எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். மெமோ அடிப்பது, விசாரணையில் குறிப்பெடுப்பது, வருஷத்துக்கு ஒரு கோலப்போட்டி நடத்துவது எல்லாம் என் தலையில்தான். இப்போது சொல்லப்போகும் விசாரணைக்கும் குறிப்பெடுத்தவள் நான்தான். அந்தக் குறிப்பில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு, அதையும் சொல்கிறேன்.

பாஞ்சாலி அக்கா மண்ணூர்க்காரர். நாற்பத்தொரு வயது. கணவர் விட்டுப்போய் எட்டு வருடம் ஆகிறது, எங்கே இருக்கிறார் என்று இவரும் தேடவில்லை. மகள் கவிப்பிரியா நர்சிங் இரண்டாம் வருடம். அக்கா முதலில் சேர்ந்தது பிரஸ் ஷாப்பில். ஏழு வருடம் நின்றுகொண்டே தகடு வைத்து எடுத்தவர். ஒருநாள் வைத்த கையை எடுப்பதற்குள் பிரஸ் இறங்கிவிட்டது. வலது கையில் மூன்று விரல் போயிற்று. கம்பெனி நஷ்டஈடு கொடுத்தது, ஒரு நாற்காலியும் கொடுத்தது. கம்ப்யூட்டர் அறையின் வாசலில், ஒரு போன், ஒரு திரை, 214.

அந்த நாற்காலியைச் சும்மா கொடுத்தார்கள் என்று அப்போது எல்லோரும் நினைத்தார்கள். அக்கா அதைச் சும்மா உட்காரும் இடமாக வைத்துக்கொள்ளவில்லை. இடது கையால் டைப் அடிக்கப் பழகினார். யாருடைய லாகின் எப்போது பூட்டிக்கொள்ளும், எந்த லைனில் எந்தத் திரை எப்போது மக்கர் பண்ணும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பத்து வருடம் போனில் கேட்டுக் கேட்டு அறுநூறு பேரின் குரலும் காதில் ஏறிவிட்டது. பாஸ்வேர்டு மாற்ற ஒரு படிவம் உண்டு. அதில் யாரும் ஒரு எழுத்தும் எழுதியதில்லை. அக்காவுக்குக் குரல் தெரிந்தால் சரி, அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. கண்ணப்பன் சாரே அப்படித்தான் கேட்பார். அவர் எங்கள் பிளான்ட் ஹெட், ஆலைக்கே தலைவர்.

அந்த நம்பருக்கு அதிகம் போன் பண்ணும் ஆள் ரகுபதி. மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், சேரப்பணஞ்சேரிக்காரர், இருபத்திரண்டு வருட சர்வீஸ். எந்த மெஷினில் எந்த நட்டு எத்தனை சுற்று என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பாஸ்வேர்டு மட்டும் மூன்று நாளுக்கு மேல் நிற்காது.

"இன்னாண்ணா, மறுபடியுமா?"

"நீயே சொல்லும்மா, மெஷின் மாறுதா? மாறல. கம்ப்யூட்டருக்கு மட்டும் மாசாமாசம் இன்னாத்துக்குப் புதுசு?"

"போன வாட்டி வெச்சத எங்கயாச்சும் எழுதி வெச்சியா?"

"எழுதி வெச்ச பேப்பர் சட்டைல இருந்துச்சு. சட்டை தோய்ச்சிட்டாங்க."

வாரத்துக்கு இரண்டு முறையாவது இது நடக்கும். அக்கா அலுத்துக்கொள்வார், ஆனால் செய்து கொடுக்காமல் இருக்கமாட்டார்.

முன்பெல்லாம் கம்ப்யூட்டர் திருடர்களைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அவர்கள் அனுப்பும் மெயிலில் எழுத்துப்பிழை மண்டிக் கிடக்கும். "அன்புள்ள வாடிக்கையாளர் நீங்கள் வென்று விட்டது" என்று வரும், நாங்கள் டீ குடித்துக்கொண்டே படித்துச் சிரிப்போம். போன வருடத்திலிருந்து சிரிப்பு நின்றுபோனது. கேண்டீன் கமிட்டி பெயரில் ஒரு மெயில் வந்தது. சாம்பாரில் உப்பு கூடுதலாக இருப்பதாக வந்த புகார்கள் பற்றி, அழகான தமிழில், என்னைவிட நன்றாக எழுதியிருந்தது. கருத்துச் சொல்ல ஒரு இணைப்பைத் தொடச் சொன்னது. பதினேழு பேர் தொட்டார்கள், அதில் நானும் ஒருத்தி. எங்கள் சாம்பாரில் உப்பு அதிகம் என்பது எவனோ ஒருவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இப்போதெல்லாம் ஏ.ஐ.யிடம் சொன்னால் அதுவே எழுதித் தரும் என்றார் லோகேஷ். கம்ப்யூட்டர் பிரிவின் மேனேஜர் அவர்தான், அக்காவுக்கும் மேலதிகாரி.

அதற்குப் பிறகு லோகேஷ் கண்ணப்பன் சாரிடம் பேசி ஒரு காவல் மென்பொருள் வாங்கவைத்தார். அதுவும் ஏ.ஐ.தான். திருடனும் ஏ.ஐ., காவல்காரனும் ஏ.ஐ. யார் எப்போது உள்ளே வருகிறார், எதைத் திறக்கிறார், வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்கிறாரா என்று அது இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் எங்களைக் கவனித்து, எங்கள் வழக்கம் என்ன என்பதைக் கற்றுக்கொள்ளும் என்றார்கள். நன்றாகத்தான் கற்றுக்கொண்டது. அதை அப்புறம் சொல்கிறேன்.

அன்று வியாழக்கிழமை. மதியம் இரண்டு முப்பத்துநான்குக்கு 214-க்கு ஒரு போன் வந்தது. வெளி நம்பர்.

"பாஞ்சாலி, நான்தாம்மா. போன் கீழ வுழுந்து ஒடஞ்சி போச்சு, வேற போன்லருந்து பேசிகினு கீறேன். லாகின் லாக் ஆயிட்ச்சு. ஓ.டி.பி.ய இந்த நம்பருக்கு மாத்திவுடு. லைன் நிக்குது, சீக்கிரம்."

ரகுபதியின் குரல். பின்னால் பிரஸ் அடிக்கும் சத்தம். அக்கா சிரித்துக்கொண்டே, "போன மாசந்தான ஒரு போன ஒடச்ச" என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார். நாற்பது வினாடி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட் ஆட்கள் வந்தபோது எந்தத் திரையும் திறக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரே ஆங்கில அறிவிப்பு. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் எங்களோடு பேசுங்கள். எந்தப் பாகம் எந்த வண்டிக்கு, எத்தனை, எந்த அளவு என்று எதுவும் தெரியாமல் அறுநூறு பேர் நின்றார்கள். லைன் நின்றால் ஒரு தொழிற்சாலை எவ்வளவு அமைதியாகிவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. லோகேஷ் வாரம் ஒருமுறை தனியே எடுத்துப் பூட்டி வைத்திருந்த ஒரு டிஸ்க் காப்பாற்றியது. திருடர்களோடு பேச வேண்டிய அவசியம் வரவில்லை. ஆனாலும் எல்லாம் பழையபடி எழுந்து உட்கார ஐந்து நாள் பிடித்தது. மறைமலை நகரிலிருந்து வாடிக்கையாளர் கம்பெனியின் ஆள் ஒருவர் தினமும் வந்து வாசலில் காரை நிறுத்திவிட்டு, எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் விசாரணை. மேலே உள்ள மீட்டிங் அறையில் கண்ணப்பன் சார், லோகேஷ், சென்னையிலிருந்து வந்த பாதுகாப்பு நிபுணர் ஐஸ்வர்யா, குறிப்பெடுக்க நான். ஐஸ்வர்யாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நிதானமாகப் பேசும் பெண். பாஞ்சாலி அக்காவும் ரகுபதியும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடியிருந்தார்.

திருடர்கள் உள்ளே வந்தது ரகுபதியின் லாகின் வழியாக என்று ஐஸ்வர்யா சொன்னார். கதவைத் திறந்தது அந்த இரண்டு முப்பத்துநான்கு போன். அப்படியென்றால் இந்தப் புதுக் காவல்காரன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கண்ணப்பன் சார் கேட்டார். லோகேஷ் ஐஸ்வர்யாவைப் பார்த்தார். பதில் சொன்னது ஐஸ்வர்யாதான்.

"சார், மூணு ஷிப்ட்லயும் மெயின்டனன்ஸ் ஆளுங்க எல்லாரும் ரகுபதி சார் லாகின்லதான் வேலை பண்றாங்க. லாகின் மாத்தி மாத்திப் போட நேரமாகும்னு ஒண்ண திறந்தா திறந்தபடியே விட்டுடறாங்க. மென்பொருள் மூணு மாசம் அதைப் பாத்துக் கத்துக்கிச்சு. அதோட கணக்குப்படி ரகுபதிங்கறவர் தூங்கவே மாட்டார். ஒரே நேரத்துல நாலு இடத்துல இருப்பார். அதனால அஞ்சாவது இடத்துல இருந்து வந்தப்ப அதுக்கு ஆச்சரியமே வரலை."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எங்கள் ஆலையின் சோம்பேறித்தனத்தை அது பாடமாகப் படித்து முதல் மார்க் வாங்கியிருந்தது.

பிறகு பதிவு செய்யப்பட்ட அந்த அழைப்பைப் போட்டார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்புகள் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதிவாகும். "பாஞ்சாலி, நான்தாம்மா" என்று அறை முழுவதும் ரகுபதியின் குரல் கேட்டது. ஐஸ்வர்யா இதை ஒரு கருவியில் சோதித்திருந்தார். குரல் தொண்ணூற்றாறு சதவீதம் ரகுபதி. "குரலை ஏ.ஐ. வெச்சுப் போலியா பண்ண முடியும். ஆனா அந்த மாதிரி அழைப்புகள்ல பின்னணி பெரும்பாலும் காலியா இருக்கும். இதுல பின்னாடி நிஜமான தொழிற்சாலைச் சத்தம் கேக்குது. அதனால உறுதியாச் சொல்ல முடியலை" என்றார்.

கண்ணப்பன் சார் ரகுபதியைப் பார்த்தார். "ரகுபதி, நீங்க சொல்லுங்க. இது நீங்களா?"

ரகுபதி எழுந்து நின்றார். பிறகு, "நான்தான் சார்" என்றார்.

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை.

"கொரலு என்துதான். போன மாசம் போன் ஒடஞ்சப்ப இதே மாதிரிதான் கேட்டேன். போன வாரமும் கேட்டிருப்பேன் போல. எனக்கு நெனப்பு இல்ல. ஆனா என் கொரல நானே இல்லன்னு எப்டி சார் சொல்றது?"

அவர் பொய் சொல்லவில்லை, அக்காவைக் காப்பாற்ற நாடகமும் ஆடவில்லை. அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தன் குரலைக் கேட்டார், தான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார், நம்பிவிட்டார். ஒரு மனிதன் தான் செய்யாததைச் செய்ததாக ஒத்துக்கொள்ள, அடியும் உதையும் வேண்டாம், அவன் குரலே போதும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, "கம்ப்ரசர் ரூம்ல சார், தனியாத்தான்" என்றார். கண்ணப்பன் சார் பேனாவைக் கீழே வைத்தார். ரகுபதி பேசியது நிஜமென்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் புது நம்பர் யாருடையது? அதை யாரிடம் கொடுத்தார்? வெளியாட்களுக்கு உள்ளிருந்தே கதவு திறந்துவிட்டாரா? "போலீஸ்ல சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

அந்த நிமிடத்தில் பாஞ்சாலி அக்கா தப்பித்துவிட்டார். நான் குறிப்பெடுப்பவள், எனக்கு இது பளிச்சென்று தெரிந்தது. உண்மையான ஆள் உண்மையாகக் கேட்டான், அக்கா தன் வேலையைச் செய்தார், அவ்வளவுதான். நாற்காலி பத்திரம். அதை விட்டால் அவருக்கு எங்கள் ஆலையில் வேறு இடம் கிடையாது. அந்தக் கையோடு பிரஸ்ஸுக்குத் திரும்ப முடியாது, அந்தக் கையைப் பார்த்துவிட்டு வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இது அக்காவுக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் மடியில் இருந்த கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"இன்னொரு வாட்டி போடும்மா" என்று ஐஸ்வர்யாவிடம் கேட்டார்.

போட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது அண்ணன் இல்ல சார்."

"குரல் அவரோடதுன்னு அவரே சொல்றாரு" என்றார் கண்ணப்பன் சார்.

"கொரலு அவர்துதான். பிரஸ்ஸு சத்தம் கேக்குதுல்ல? மணி ரெண்டு முப்பத்துநாலு. ரெண்டரைக்கு ஷிப்ட் மாறும். மாறினா பத்து நிமிஷம் எந்த பிரஸ்ஸும் ஓடாது. ரெண்டு நாப்பதுக்குத்தான் போடுவாங்க. அந்த நேரத்துல நம்ம ஷாப்புல ஊசி வுழுந்தாக் கேக்கும்."

அந்தப் பத்து நிமிடம் எதற்கு என்று ஐஸ்வர்யாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் பிரஸ்களை நிறுத்தி, கையைக் காக்கும் சென்சார் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். அக்காவின் விரல் போன பிறகு கொண்டுவந்த விதி அது. அவருக்கு அடுத்து அந்த ஷாப்பில் யாருக்கும் விரல் போகவில்லை.

லோகேஷ் அன்றைய பிரஸ் பதிவை எடுத்துப் பார்த்தார். பழைய முறைப்படி பேப்பரில் எழுதிய பதிவு, அதனால் திருடர்கள் கையில் சிக்காமல் தப்பியிருந்தது. இரண்டு முப்பதிலிருந்து இரண்டு நாற்பத்தொன்று வரை எல்லாப் பிரஸ்ஸும் நிறுத்தம்.

ஐஸ்வர்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். நிஜமென்று அவர் நினைத்த பின்னணிச் சத்தமே இப்போது பொய்க்குச் சாட்சியாகிவிட்டது. ரகுபதி ஒன்றும் புரியாமல், "அப்ப நான் பேசலியா?" என்று அக்காவிடம் கேட்டார். "நீ பேசலண்ணா" என்றார் அக்கா. ரகுபதி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் கண்ணப்பன் சார் விடவில்லை. விடவும் முடியாது, அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். "அந்த நேரத்துல பிரஸ் ஓடாதுன்னு உங்களைவிட யாருக்கும் நல்லாத் தெரியாது. அப்புறம் ஏன் நம்புனீங்க?"

அக்கா வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அந்தச் சத்தம் கேட்டா எனக்குக் கை வலிக்கும் சார். இல்லாத வெரலு வலிக்கும். அதனால அது வந்ததும் சீக்கிரம் முடிச்சிட்டு போன வெச்சிடணும்னுதான் தோணும், பத்து வருஷமா அப்டித்தான். மணி பாக்கல. தப்பு என்துதான்."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. பத்து வருடமாக ஒருநாளைக்கு முப்பது முறை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே "இன்னா பாஸ்வேர்டா" என்று சிரித்திருக்கிறார். வலிக்கிறதா என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. குரல் கேட்டு ஆளைச் சொல்வதை வித்தை மாதிரி வேடிக்கை பார்த்தோமே தவிர, அந்தக் காதில் வேறு என்ன விழுகிறது என்று நினைக்கவில்லை.

ஐஸ்வர்யா ஒரு கேள்வி கேட்டார். "ரகுபதி சாரோட குரலும், பின்னாடி பிரஸ் சத்தமும் சேர்ந்த மாதிரி ஏதாவது ரெக்கார்டிங் வெளில இருக்கா? அதை வெச்சுத்தான் பண்ணியிருப்பாங்க."

இதுதான் நான் குறிப்பில் எழுதாமல் விட்ட இடம்.

இருந்தது. போன பாதுகாப்பு வாரத்தில் ரகுபதியை ஓடும் பிரஸ்ஸுக்கு முன்னால் நிற்கவைத்து, கையுறை போடுவது பற்றி ஆறு நிமிடம் பேசச் சொல்லி என் மொபைலில் நானே எடுத்தேன். மனிதர் கூச்சப்பட்டார், நான் விடவில்லை. அதைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில், உலகமே பார்க்கும்படி போட்டேன். வாடிக்கையாளர் கம்பெனிகூடப் பாராட்டியது, எனக்கு ஒரு சான்றிதழும் கிடைத்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஐஸ்வர்யா கேட்டபோது நான் குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. லோகேஷுக்கு அது நினைவில் இல்லை. ரகுபதி இன்னும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தெரியலை, தேடிப் பார்க்கறோம்" என்றார் கண்ணப்பன் சார். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்திலிருந்து வீடியோவை நீக்கிவிட்டேன்.

முடிவு இரண்டு நாளில் வந்தது. ரகுபதி மேல் எந்தத் தவறும் இல்லை. பாஸ்வேர்டு மாற்றும் வேலையை இனி ஒரு ஏ.ஐ. செய்யும், நாற்காலி தேவையில்லை. பாஞ்சாலி அக்காவுக்கு, அவரே விரும்பி விலகுவதாக ஒரு கடிதம். காரணம் என்ற இடத்தில் "மனிதத் தவறு" என்று போடச் சொன்னார்கள். அடிக்க வேண்டியவள் நான். அடித்தேன்.

கண்ணப்பன் சார் கையெழுத்துப் போடுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் காட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுபோனேன். அக்கா நிதானமாகப் படித்தார்.

"அந்த வீடியோவ ஏன் மேடம் எடுத்துட்டீங்க? நல்லாத்தான இருந்துச்சு."

"உங்களுக்கு எப்பத் தெரியும் அக்கா?"

"ரெண்டாவது வாட்டி போட்டாங்கல்ல, அப்பவே. அது நாலாம் நம்பர் பிரஸ்ஸு. நான் நின்ன மெஷின். எனக்குத் தெரியாதா? அண்ணன நீங்க அது முன்னாலதான் நிக்க வெச்சீங்க."

"அப்ப அங்கேயே ஏன் சொல்லலை?"

"அந்தப் பொண்ணு கேட்டப்ப, நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

அவரைப் பார்த்துக்கொண்டு எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. என் இடத்துக்கு வந்து கண்ணப்பன் சாருக்கு ஒரு மெயில் எழுதினேன். வீடியோ எடுத்தது நான், போட்டது நான், கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான், பிறகு யாருக்கும் தெரியாமல் நீக்கியதும் நான். அனுப்பி மூன்று நிமிடத்தில் மேஜைப் போன் அடித்தது.

"மதிவதனி, இந்த மெயில் நிஜமாவே நீங்க அனுப்பினதா?"

"ஆமா சார்."

"போன்ல சொன்னா நான் எப்படி நம்பறது? மேல வாங்க."

மாடிக்குப் போனேன். அவர் முன்னால் நின்று, மெயிலில் எழுதியதையெல்லாம் மறுபடி வாயால் சொன்னேன். எழுதுவதைவிட அது கஷ்டமாக இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"பாஞ்சாலி அக்காவுக்குத் தெரியும் சார். அன்னைக்கே தெரியும். அவங்க சொல்லலை."

கண்ணப்பன் சார் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார். கீழே கேண்டீனுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, லோகேஷையும் கூப்பிட்டார். ஒரே லாகினில் எல்லோரும் வேலை செய்வது தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விட்டது தன் தவறு என்று லோகேஷும் ஒத்துக்கொண்டார். "காரணம்னு ஒரு வரி போடச் சொன்னேன். இப்ப நாலு பேர் இருக்கோம், என்னையும் சேத்து" என்றார். படிவத்தை எழுதாமல் அவர் வாங்கிய பாஸ்வேர்டுகள் நினைவுக்கு வந்திருக்கும். கடிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தார். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார், அதையும் நானேதான் அடித்தேன். ரகுபதியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அந்த வீடியோல நான் குண்டாத் தெரிஞ்சேன், தூக்குனதே நல்லது" என்றார்.

ஏ.ஐ. வந்தது. யாரெல்லாம் எப்போது எங்கிருந்து கேட்கிறார்கள் என்று பார்த்துப் பெரும்பாலோருக்கு அதுவே பாஸ்வேர்டு மாற்றிக் கொடுக்கிறது, நன்றாகவே செய்கிறது. ஆனால் ரகுபதிக்குக் கொடுப்பதில்லை. களவுபோன குரல் என்று அவருடைய குரலை ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இனி அவர் போனில் எவ்வளவு கெஞ்சினாலும் எங்கள் ஆலையில் எந்த மெஷினும் அவரை அவர் என்று ஒத்துக்கொள்ளாது. ஐஸ்வர்யா இதைச் சங்கடத்தோடுதான் சொன்னார், வேறு வழியில்லை என்றார். அந்த மாதிரி ஆட்களுக்காகவும், மெஷின் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்புபவர்களுக்காகவும் பாஞ்சாலி அக்காவின் நாற்காலி இருக்கிறது. ஒரே விதி: போன் கிடையாது, நேரில் வர வேண்டும். பெயர் கேட்க வேண்டும், ஆள் எண்ணான டோக்கன் நம்பர் கேட்க வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் திங்கட்கிழமையே ரகுபதி பிரஸ் ஷாப்பிலிருந்து நடந்து வந்தார். கையெல்லாம் கிரீஸ். நான் ஒரு படிவத்தோடு அங்கே நின்றிருந்தேன்.

அக்கா திரையைப் பார்த்தபடியே, "பேரு?" என்றார்.

ரகுபதி ஒரு நிமிடம் திகைத்தார். பதினேழு வருடப் பழக்கம்.

"ரகுபதி."

"டோக்கன் நம்பர்?"

சொன்னார். அக்கா தலையை நிமிர்த்தினார். விதிப்படி பார்க்க வேண்டியது ஒரு பார்வை. அவர் அதைவிட நேரம் எடுத்துக்கொண்டார். இடது கை கீபோர்டின் மேல் அசையாமல் இருந்தது. ரகுபதி தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் முகத்தில் படும்படி ஒரு அடி முன்னால் வந்து நின்றார்.

"நல்லாப் பாத்துக்கோம்மா" என்றார்.